வீட்டு ரூட்டர்லயே ஒரு கூத்து ஜமா வெப்சைட்: காட்பாடியில நாங்க செஞ்ச விதம்

பங்குனி பொறந்துட்டா கூத்து ஜமாவுல, அதாவது கூத்து ஆடற குழுவுல இருக்கற எங்க பெரியப்பா போன் ஓயவே ஓயாது. "அண்ணா இன்னிக்கு உங்க ஜமா எந்த ஊரு, அர்ச்சுனன் தபசு என்னிக்கு, படுகளம் என்னிக்கு"ன்னு அணைக்கட்டு பக்கத்துல இருந்து ஒருத்தர், ஒடுகத்தூர்ல இருந்து ஒருத்தர், பெங்களூருக்கு வேலைக்கு போன நம்மூரு பசங்க வேற. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய ஆடிட்டு, காலையில அரிதாரம் கலைச்சுட்டு கண்ண மூடுற நேரத்துல தான் இந்த போன் எல்லாம் வரும். போன வருஷம் ஒருநாள் அவரே சொன்னாரு, "டேய், இந்த தேதி எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சா ஜனங்களே பாத்துக்கினு போவாங்க இல்ல"ன்னு. அப்டி ஆரம்பிச்சது தான் இது. இப்ப அந்த வெப் பக்கம் எங்க வீட்டு ஹால்ல சுவத்துல மாட்டியிருக்கிற வைஃபை ரூட்டர்ல இருந்தே ஓடுது, தனியா சர்வரும் இல்ல, மாச வாடகையும் இல்ல.

வெப்சைட்டை இலவசமா வெச்சு ஓட்டற (ஹோஸ்ட் பண்ற) எடம் நெட்ல நெறைய இருக்கு, அதுல வெச்சாலும் தப்பில்ல. ஆனா ரூட்டர் எப்டியும் 24 மணி நேரமும் எரிஞ்சுக்கினு தான் இருக்கு, பெரியப்பா பாடின பாட்டு ரெக்கார்டிங் எல்லாம் எங்க வீட்டுலயே இருக்கணும்னு எனக்கு ஆசை, அதான் இப்டி. உங்களுக்கு கடையோ, கோயில் கமிட்டியோ, தெரு நூலகமோ எதுவா இருந்தாலும் நாலஞ்சு பக்கம், கொஞ்சம் போட்டோ, அவ்ளோதான்னா இதே வழி போதும்.

முதல்ல லைனை பாருங்க, ரூட்டரை அப்புறம் பாக்கலாம்

நெறைய பேரு ரூட்டர் வாங்கி, அதுல எல்லாத்தையும் ஏத்தி, பக்கமும் எழுதி முடிச்சு கடைசியில வெளிய இருந்து தொறக்கலைன்னு தலைய புடிச்சுக்கினு உக்காருவாங்க. காரணம் லைன். வெளிய இருந்து ஒருத்தர் உங்க வீட்டுக்கு வரணும்னா உங்க வீட்டுக்கு ஒரு பப்ளிக் ஐபி, அதாவது வெளிய இருந்து கூப்பிடற மாதிரி நெட்ல ஒரு அட்ரஸ் நம்பர் இருக்கணும். இப்ப நெறைய ஃபைபர் கனெக்சன்ல அது கெடையாது, ஒரே ஐபியை ஊரு மொத்தத்துக்கும் பங்கு போட்டு குடுப்பாங்க, அதுக்கு பேரு சிஜிநாட். உள்ள இருந்து வெளிய போகலாம், வெளிய இருந்து உள்ள வர முடியாது.

கண்டுபுடிக்கிறது சுலபம். ரூட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபின்னு (வான்னா வெளி நெட் பக்கம்) ஒரு நம்பர் இருக்கும், அதை எழுதிக்கோங்க. அப்புறம் அதே வைஃபைல இருந்து கூகுள்ல "வாட் இஸ் மை ஐபி"ன்னு தேடி அங்க காட்ற ஐபிவி4 நம்பரை (பழைய வகை அட்ரஸ், நாலு எண்ணுக்கு நடுவுல புள்ளி இருக்கும்) பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா நீங்க குடுத்து வெச்சவங்க, நேரா அடுத்த கட்டத்துக்கு போலாம். ரூட்டர்ல இருக்கறது 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சா அது சிஜிநாட்டே தான், அந்த நம்பர் எல்லாம் இதுக்குன்னே 2012-ல ஒதுக்கி வெச்சது. 192.168 இல்ல 10-ல ஆரம்பிச்சா பெரும்பாலும் ஃபைபர்காரங்க குடுத்த ஓஎன்டி பொட்டி நடுவுல இன்னொரு ரூட்டரா உக்காந்திருக்கும். அப்ப ஆபரேட்டர்கிட்ட ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுல (ரூட்டர் வேலை செய்யாம லைனை மட்டும் கடத்தி விடற மாதிரி) போட சொல்லி, லைனுக்குள்ள லாகின் ஆகற பிபிபிஓஇ யூசர்நேம் பாஸ்வேர்டை வாங்கி உங்க ரூட்டர்லயே போடுங்க. எங்க வீட்டுக்கு லைன் குடுத்தவருக்கு முதல்ல இது எதுக்குன்னே புரியல, கூத்து தேதி போடறதுக்குன்னு சொன்னதும் அன்னிக்கு சாயங்காலமே வந்து மாத்தி குடுத்துட்டு போனாரு.

சிஜிநாட்ல மாட்டியிருந்தா மூணு வழி இருக்கு. ஒண்ணு, ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கே உங்களுக்குன்னு மாறாத நம்பர்) தனியா காசு குடுத்து வாங்கறது, எல்லா ஊர்லயும் எல்லா பிளானுக்கும் குடுக்க மாட்டாங்க, கேட்டு பாக்கணும். ரெண்டாவது ஐபிவி6, புது வகை அட்ரஸ். இதுல பங்கு போடற கதையே கெடையாது, வீட்டுக்கே ஒரு பெரிய கட்டு அட்ரஸ் வரும், நம்மூர்ல ஜியோ ஏர்டெல் மொபைல் டேட்டா வெச்சிருக்கறவங்க பெரும்பாலும் ஐபிவி6-லயே தான் போறாங்க, அதனால ஐபிவி6 மட்டும் வெச்சாலே உங்க ஜனங்கள்ல நெறைய பேரு வந்து பாத்துடலாம். ஐபிவி4 மட்டும் இருக்கற ஆபீஸ் நெட்ல இருந்து பாக்கறவங்களுக்கு தான் தொறக்காது. மூணாவது டன்னல். வெளிய ஒரு சின்ன விபிஎஸ் (நெட்ல இருக்கற சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டு ரூட்டர்ல இருந்து அதுக்கு வயர்கார்டுங்கற டன்னல் சாஃப்ட்வேரை போட்டு, 25 செகண்டுக்கு ஒரு தடவை தட்டி எழுப்பற மாதிரி கீப்அலைவ் வெச்சுட்டா வழி தொறந்தே இருக்கும். ஆனா விபிஎஸ்க்கு காசு குடுக்கறதா இருந்தா பக்கத்தை அங்கயே வெச்சுடலாமேன்னு தான் எனக்கு தோணும். கிளவுட்ஃபிளேர் டன்னலும் இருக்கு, அதோட புரோகிராம் சின்ன ரூட்டரோட ஃபிளாஷ்ல (ஃபைல் வெக்கற மெமரில) அடங்காது, பெரிய மெமரி இருக்கற ரூட்டருக்கு தான் ஒத்து வரும்.

இன்னொண்ணு, உங்க பிளானோட கண்டிஷனை படிச்சு பாருங்க. சில வீட்டு பிளான்ல சர்வர் ஓட்டக்கூடாதுன்னு எழுதியிருப்பாங்க, சில பேரு 80-ம் போர்ட்டை (போர்ட்னா வாசல் நம்பர், சாதா வெப் பக்கத்துக்கு 80, பூட்டு போட்ட ஹெச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு 443) வெளிய இருந்து அடைச்சே வெச்சிருப்பாங்க. 80 அடைச்சிருந்தா 443-ஐ மட்டும் வெச்சு ஓட்டலாம், அதுக்கு கீழ சொல்லியிருக்கற சர்டிஃபிகேட் கட்டாயம் வேணும்.

ரூட்டர்

கம்பெனிக்காரன் போட்டு குடுத்த சாஃப்ட்வேர்ல இது நடக்காது, அதுக்கு பதிலா ஓபன்டபிள்யூஆர்டிங்கற இலவச ரூட்டர் சாஃப்ட்வேரை போடணும். லிங்சிஸ் கம்பெனியோட டபிள்யூஆர்டி54ஜின்னு ஒரு ரூட்டர்ல லினக்ஸ் ஓடுதுன்னு தெரிஞ்சு, லைசன்ஸ் படி சோர்ஸ் கோடை வெளிய குடுத்தே ஆகணும்னு ஜனங்க கேட்டு, 2003-ல குடுத்தாங்க, அதுல இருந்து 2004-ல முளைச்சது தான் இந்த ஓபன்டபிள்யூஆர்டி. பேருல இருக்கற டபிள்யூஆர்டி அந்த ரூட்டரோட பேரு தான். இருவது வருஷம் கழிச்சு வேலூர் மாவட்டத்துல ஒரு கூத்து ஜமாவுக்கு அது ஒதவுதுன்னு நெனைச்சா எனக்கு மனசு நெறைஞ்சு போவுது.

வாங்கறதுக்கு முன்னாடி ஓபன்டபிள்யூஆர்டி தளத்துல இருக்கற ஹார்டுவேர் பட்டியல்ல உங்க மாடல் இருக்கான்னு பாருங்க. ஃபிளாஷ் 16 எம்பி, ராம் 128 எம்பி, இதுக்கு கீழ வேணாம். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் இருக்கற பழைய ரூட்டரை யாராவது சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, புது வெர்ஷன் அதுல ஏறாது. யூஎஸ்பி போர்ட் இருந்தா நல்லது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 மாதிரி பழைய ரூட்டர் செகண்ட் ஹேண்ட்ல கெடைக்கும், அது போதும். முக்கியமா அடியில ஒட்டியிருக்கற லேபிள்ல வெர்ஷன் நம்பரை பாருங்க. ஒரே பேரு, ஒரே டப்பா, ஆனா வெர்ஷன் 2-க்கும் வெர்ஷன் 5-க்கும் உள்ள வேற வேற சாமானா இருக்கும், தப்பான ஃபைலை ஏத்தினா ரூட்டர் செத்து போயி செங்கல் தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு போயி வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, அந்த லேபிளை பாத்துட்டு தான் காசு குடுங்க.

ஏத்தற முறை மாடலுக்கு மாடல் மாறும், அந்த மாடலோட பக்கத்துல போட்டிருக்கறபடி செய்யுங்க. வைஃபைல செய்யாதீங்க, லேன் கேபிள் போட்டு செய்யுங்க, நடுவுல கரண்ட் போகாத நேரமா பாத்துக்கோங்க. முடிஞ்சதும் 192.168.1.1 போனா லூசின்னு ஒரு பக்கம் வரும், அது தான் இனிமே உங்க கண்ட்ரோல் ரூம். மொத வேலையா நல்ல நீளமா ஒரு பாஸ்வேர்டு போடுங்க. ஓஎன்டியும் 192.168.1-லயே இருந்தா ரெண்டும் மோதும், ரூட்டரோட லேன் ஐபியை 192.168.5.1 மாதிரி மாத்திக்கோங்க, கீழ நான் 192.168.1.1-ன்னு எழுதற எடத்துல உங்க நம்பரை போட்டுக்கோங்க.

வீட்டுக்காரங்க வாசல் வேற, ஊர் ஜனங்க வாசல் வேற

இப்ப வர்றது தான் ரொம்ப முக்கியமான எடம், இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

ஓபன்டபிள்யூஆர்டில வெப் சர்வர் ஏற்கனவே இருக்கு, யூஹெச்டிடிபிடின்னு பேரு. லூசி பக்கத்தை காட்றதே அது தான். அது 80-ம் போர்ட்லயும் 443-ம் போர்ட்லயும் உக்காந்திருக்கும். அதே ஃபோல்டர்லயே நம்ம பக்கத்தையும் போட்டு, ஃபயர்வால்ல 80-ஐ தொறந்து விட்டுட்டா வேலை முடிஞ்சா மாதிரி தெரியும், நானும் மொத தடவை அப்டி தான் செஞ்சேன். கூடவே லூசியோட லாகின் பக்கமும் உலகத்துக்கே தொறந்து கெடந்தது. ஒரு மணி நேரம் கூட ஆவல, சிஸ்டம் லாக்கை பாத்தா ரூட்ங்கற அட்மின் பேருல "ஃபெயில்டு லாகின்"னு வரிசையா எழுதியிருக்கு, எந்தெந்த நாட்டு ஐபியோ. அன்னிக்கு ராத்திரியே கேபிளை புடுங்கி, ரூட்டரை ரீசெட் அடிச்சு முதல்ல இருந்து செஞ்சேன். அந்த ரூட்டர் வழியா தான் அம்மாவோட பேங்க் ஆப்பு போவுது, அண்ணன் வீட்டு கேமரா போவுது, அதை யோசிச்சா இந்த விஷயத்துல அவசரமே படக்கூடாது.

அதனால ரெண்டு வாசலா பிரிக்கணும். லூசியோட சாஃப்ட்வேர் பக்கத்துக்கு போயி லிஸ்டை அப்டேட் பண்ணி, லூசி-ஆப்-யூஹெச்டிடிபிடின்னு இருக்கற பேக்கேஜை போடுங்க, சர்வீசஸ் மெனுவுல யூஹெச்டிடிபிடின்னு ஒண்ணு வந்துடும். அதுல மெயின்னு இருக்கறது தான் லூசி. அதோட ஹெச்டிடிபி லிசனர்ல (எந்த வாசல்ல காது குடுக்கணும்னு சொல்ற எடம்) இருக்கற ரெண்டு வரியையும் எடுத்துட்டு 192.168.1.1:8080-ன்னு ஒண்ணு மட்டும் போடுங்க, ஹெச்டிடிபிஎஸ்க்கு 192.168.1.1:8443. இனிமே லூசி வீட்டு பக்கம் மட்டும் தான் காது குடுக்கும்.

சேவ் பண்ற எடத்துல ஒரு சிக்கல் இருக்கு. லூசில "சேவ் அண்ட் அப்ளை" அடிச்சா மாத்தின பிறகு திரும்ப தொடர்பு வருதான்னு அது பாக்கும், வரலைன்னா கொஞ்ச நேரத்துல பழைய செட்டிங்குக்கே திரும்பிடும். நாம லூசி போர்ட்டையே மாத்தறதால அதுக்கு தொடர்பு வராது, நீங்க எத்தனை தடவை மாத்தினாலும் அது திருப்பி வெச்சுக்கினே இருக்கும். அந்த பட்டன்லயே பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்கு பாருங்க, அதை அமுக்கி "அப்ளை அன்செக்டு" எடுத்து அடிங்க. அப்புறம் பிரவுசர்ல 192.168.1.1:8080 போட்டு உள்ள வாங்க. இதை செய்யறப்ப பக்கத்துல ஒரு எஸ்எஸ்ஹெச் விண்டோ (ரூட்டருக்கு நேரா கமாண்ட் அடிக்கற எடம்) தொறந்து வெச்சுக்கோங்க, ஏதாவது தப்பா போனா அதுல இருந்து சரி பண்ணிக்கலாம்.

இப்ப 80 காலி. அதே பக்கத்துல புதுசா ஒரு இன்ஸ்டன்ஸ் (தனியா இன்னொரு சர்வர்) சேருங்க, பேரு "கூத்து"ன்னு இங்கிலீஷ் சின்ன எழுத்துல. லிசனர் 0.0.0.0:80, ஐபிவி6-க்கு இன்னொரு வரியில சதுர அடைப்புக்குள்ள ரெண்டு முக்காப்புள்ளி போட்டு அதுக்கப்புறம் :80. டாக்குமெண்ட் ரூட்டுக்கு (நம்ம தளத்து ஃபைல் எல்லாம் இருக்கற எடம்) எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதை குடுங்க, லூசி இருக்கற டபிள்யூ டபிள்யூ டபிள்யூ ஃபோல்டர் கிட்டயே போகாதீங்க. சிஜிஐ, லுவா, யூபஸ்னு இருக்கற எடத்தை எல்லாம் காலியா விடுங்க, வெறும் பக்கத்துக்கு அது எதுவும் வேணாம். டைரக்டரி லிஸ்டிங் காட்டாதேன்னு ஒரு டிக், அந்த டாக்குமெண்ட் ரூட்டுக்கு வெளிய போற சிம்லிங்க்கை (வேற எடத்து ஃபைலுக்கு போற குறுக்கு வழி) பின்தொடராதேன்னு ஒரு டிக்.

இன்னொரு டிக் எடுத்து விடணும். "பப்ளிக் இன்டர்ஃபேஸ்ல பிரைவேட் ஐபியை ஒதுக்கு"ன்னு பொருள் வர்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அது இருந்தா வீட்டு வைஃபைல இருந்து நீங்களே உங்க தளத்து பேரை அடிச்சு பாத்தா ஆர்எஃப்சி1918-னு ஏதோ சொல்லி துரத்தி விட்டுடும், ஊர்ல எல்லாருக்கும் தெரியும் உங்களுக்கு மட்டும் தெரியாது. லூசி இன்ஸ்டன்ஸ்ல அது இருக்கட்டும், அது பாதுகாப்பு. கூத்து இன்ஸ்டன்ஸ்ல மட்டும் எடுங்க.

கடைசியா ஃபயர்வால். நெட்வொர்க், ஃபயர்வால், டிராஃபிக் ரூல்ஸ். புது ரூல் ஒண்ணு, எங்க இருந்து வருது: வான். எங்க போவுது: இந்த டிவைஸ். புரோட்டகால் டிசிபி, போர்ட் 80 443. ஆக்சன் அக்செப்ட். அட்ரஸ் ஃபேமிலி ரெண்டுக்கும்னு வெச்சா ஐபிவி4 ஐபிவி6 ரெண்டுக்கும் ஒரே ரூல் போதும், போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் வேணாம், ஏன்னா சர்வர் ரூட்டர்லயே தான் இருக்கு. 22, 8080, 8443 இந்த மூணையும் எந்த காலத்துலயும் வான் பக்கம் தொறக்காதீங்க.

பக்கத்தை எழுதறது, ஏத்தறது

வேர்ட்பிரஸ் எல்லாம் நெனைக்கவே வேணாம். பிஹெச்பி, டேட்டாபேஸ் ரெண்டையும் ரூட்டர் தாங்காது, தாங்கினாலும் ரூட்டர்ல அதை ஓட்டறது ஆபத்து. கையால எழுதின ஹெச்டிஎம்எல் போதும். மேல ஜமா பேரு, அடுத்து இந்த வாரம் எந்த ஊரு எந்த கூத்து, அடுத்து மாசம் முழுக்க தேதி, கீழ தாம்பூலம் குடுக்க, அதாவது கூத்துக்கு சொல்லி வெக்க யாரை பாக்கணும்னு ஒரு நம்பர், அதுவும் சம்பந்தப்பட்டவர் சரின்னு சொன்னா மட்டும். யூடிஎஃப்-8னு மெட்டா சார்செட் வரியை தலையில போட மறந்தா தமிழ் எழுத்து எல்லாம் கொழம்பி தெரியும், யூஹெச்டிடிபிடி அதை தானா சொல்லாது. யூடிஎஃப்-8-ல ஒரு தமிழ் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும், அப்டி இருந்தும் 4,000 குறியீடு எழுதினா 12 கேபி தான், ஒண்ணுமே இல்ல. தமிழ் ஃபான்டை தனியா ஏத்தாதீங்க, இப்ப எல்லா போன்லயும் இருக்கு.

எடை ஏறுறது போட்டோவுல தான். போன்ல எடுத்த கூத்து போட்டோ ஒண்ணு 4 எம்பி இருக்கும். உங்க அப்லோட் ஸ்பீடு 10 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 1.25 எம்பி தான் வெளிய போகும், அப்ப ஒரே ஒரு போட்டோவுக்கு மூணு செகண்டுக்கு மேல ஆகும். 1,000 பிக்சல் அகலத்துக்கு சின்னதாக்கி வெப்பி ஃபார்மட்ல போட்டா 100 கேபிக்குள்ள வந்துடும். மொத்த பக்கமும் 200 கேபிக்குள்ள நின்னா அதே லைன்ல செகண்டுக்கு ஆறு பேரு பாக்கலாம், சித்திரை மாசத்து கூட்டத்துக்கே அது தாராளம்.

பாட்டு ரெக்கார்டிங்குக்கு பென்டிரைவ். ஓபஸ் ஃபார்மட்ல 32 கேபிபிஎஸ் வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 14.4 எம்பி, எட்டு மணி நேர கூத்து முழுசும் 115 எம்பில அடங்கிடும். ஆர்மோனியமும் முகவீணையும் கொஞ்சம் மெலிஞ்சு கேக்கும், 64 வெச்சா நல்லா இருக்கு, எடை ரெட்டிப்பு ஆகும், நான் பாட்டுக்கு 64-ம் வசனத்துக்கு 32-ம் வெச்சிருக்கேன். பென்டிரைவை ஒரு லினக்ஸ் லேப்டாப்ல இஎக்ஸ்டி4-ஆ ஃபார்மட் பண்ணுங்க, ரூட்டர்ல பிளாக்-மவுன்ட், கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், கேமாட்-எஃப்எஸ்-இஎக்ஸ்டி4 மூணு பேக்கேஜும் போட்டா சிஸ்டம் மெனுவுல மவுன்ட் பாயின்ட்ஸ்னு வரும். இங்க ஒரு யோசனை சொல்றேன், தளம் மொத்தத்தையும் பென்டிரைவ்ல வெக்காதீங்க. பக்கமும் போட்டோவும் ரூட்டரோட ஃபிளாஷ்லயே இருக்கட்டும், அந்த தளத்து ஃபோல்டருக்குள்ள ஒலிக்குன்னு காலியா ஒரு ஃபோல்டர் வெச்சு, அது மேல பென்டிரைவை மவுன்ட் பண்ணுங்க, அந்த ஃபோல்டரை தொறந்தா பென்டிரைவ் தெரியும். சிம்லிங்க் இல்லாததால சர்வரும் கேள்வி கேக்காது, என்னிக்காவது பென்டிரைவ் செத்து போனாலும் பாட்டு மட்டும் தான் போகும், தேதி எல்லாம் அப்டியே தெரியும்.

லேப்டாப்ல இருந்து ஏத்த விண்டோஸ்ல வின்எஸ்சிபிங்கற ஃபைல் அனுப்பற புரோகிராம் போதும், ஆனா புரோட்டகால்ல எஸ்எஃப்டிபின்னு இருக்கறதை எஸ்சிபின்னு மாத்துங்க, ரூட்டர்ல எஸ்எஃப்டிபி கெடையாது. லினக்ஸ்லயும் இதே கதை தான், 2022-ல வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9-ல இருந்து எஸ்சிபி கமாண்டே உள்ளுக்குள்ள எஸ்எஃப்டிபியா மாறிடுச்சு, அதனால கமாண்டுக்கு பக்கத்துல ஹைஃபன் போட்டு கேப்பிட்டல் ஓ ஒண்ணு சேக்கணும். ஃபைல் பேருல தமிழோ ஸ்பேஸோ வேணாம். ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755 பர்மிஷன். மொத பக்கத்தோட பேரு இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல். 403 ஃபார்பிடன்னு வந்தா பர்மிஷனை பாருங்க, 404 வந்தா ஸ்பெல்லிங்கை பாருங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து லினக்ஸ்ல வேற வேற.

பேரும் பூட்டும்

வீட்டு ஐபி மாறிக்கினே இருக்கும், அதனால டைனமிக் டிஎன்எஸ் வேணும், மாறுற ஐபியை ஒரே பேரோட சேத்து வெக்கறது அது தான். டக்டிஎன்எஸ்ல இலவசமா ஒரு பேரு எடுங்க, டோக்கன்னு நீளமா ஒண்ணு குடுப்பாங்க. ரூட்டர்ல லூசி-ஆப்-டிடிஎன்எஸ் போட்டு, அந்த பேரையும் டோக்கனையும் குடுத்துட்டா ஐபி மாறும்போதெல்லாம் ரூட்டரே போயி சொல்லிடும். ஐபிவி6-க்கு தனியா இன்னொரு வரி சேக்கணும். சிஜிநாட்ல இருக்கறவங்க ஐபிவி6 வரியை மட்டும் வெச்சுக்கோங்க, ஐபிவி4-ம் சேத்து போட்டா ஐபிவி4-ல வர்றவங்க தப்பான எடத்துல போயி நிப்பாங்க.

பக்கத்துக்கு ஹெச்டிடிபிஎஸ் பூட்டு போட வேண்டிய சர்டிஃபிகேட் லெட்ஸ் என்கிரிப்ட்ங்கற அமைப்புல இலவசம். லூசி-ஆப்-ஏசிஎம்இயும் அதோட டிஎன்எஸ்ஏபிஐ பேக்கேஜும் போட்டு, வேலிடேஷனை டிஎன்எஸ்னு வெச்சு அதே டக்டிஎன்எஸ் டோக்கனை குடுங்க, 80-ம் போர்ட் அடைச்சிருந்தாலும் இந்த வழியில கெடைச்சுடும். கெடைச்ச ஃபைல் ரெண்டும் இடிசி, எஸ்எஸ்எல், ஏசிஎம்இ ஃபோல்டருக்குள்ள இருக்கும், அந்த பாத்தை கூத்து இன்ஸ்டன்ஸ்ல குடுத்து 443 லிசனரையும் சேருங்க. சர்டிஃபிகேட் 90 நாளைக்கு தான், அதுக்குள்ள ரூட்டரே புதுப்பிச்சுக்கும். புதுசை சர்வர் எடுத்துக்கணும்ல, ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்ல வாரம் ஒரு தடவை விடியக்காலம் யூஹெச்டிடிபிடியை ரீஸ்டார்ட் பண்ண ஒரு வரி எழுதிடுங்க. சர்டிஃபிகேட் வாங்கின பேரு எல்லாம் பொது பதிவேட்டுல ஏறும், அதை பாத்துக்கினு இருக்கற தானியங்கி புரோகிராமுங்க வாங்கின கொஞ்ச நேரத்துலயே உங்க வாசல்ல வந்து தட்டும், வேர்ட்பிரஸ் லாகின் இருக்கான்னு தேடும். நம்மகிட்ட இருக்கறது வெறும் பக்கம், தேடிட்டு போகட்டும்.

கரண்ட்டும் வெயிலும்

நம்மூர்ல சர்வர் ஓட்டறதுன்னா இதை பேசாம விட முடியாது. ரூட்டரும் ஓஎன்டியும் சேத்து 15 வாட்ஸ்னு வெச்சாலும் மாசத்துக்கு 11 யூனிட் கிட்ட தான், அதுவும் சைட் இல்லாட்டியும் எரியறது தான். கரண்ட் கட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்க, ஆனா அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டும் ஆம்பியரும் யூபிஎஸ்ல எழுதியிருக்கறதும் பொருந்துதான்னு பாத்து வாங்குங்க, ஓஎன்டிக்கும் சேத்து. ரூட்டருக்கு மட்டும் போட்டுட்டு ஓஎன்டியை விட்டுட்டா பிரயோஜனமே இல்ல. கரண்ட் போயி வந்ததும் ரூட்டருக்கு மணி எத்தனைன்னு தெரியாது, அதுக்குள்ள கடிகார பேட்டரி கெடையாது, நெட் வந்து நேரத்தை வாங்கற வரைக்கும் டிடிஎன்எஸ்ஸும் சர்டிஃபிகேட்டும் எர்ரர் சொல்லும், ரெண்டு நிமிஷம் பொறுங்க, அதுவே சரியாயிடும்.

அக்னி நட்சத்திரத்துல இங்க 40 டிகிரி தாண்டறது சாதாரணம், நம்ம தளத்துக்கு கூட்டம் வர்றதும் அதே சித்திரை வைகாசில தான். ரூட்டரை ஷீட்டு கூரைக்கு கீழ, பரண் மேல, டிவி பொட்டிக்கு பின்னாடி எல்லாம் வெக்காதீங்க. காத்து பட்ற சுவத்துல நிமித்தி மாட்டுங்க. எங்களது முதல்ல பரண் மேல இருந்தது, மத்தியானம் ஆனா தானா ரீஸ்டார்ட் ஆயிக்கினு இருந்தது, ஹாலுக்கு எறக்கினதுல இருந்து ஒரு தடவை கூட ஆகல.

அப்டேட் பண்றப்ப ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. புது ஓபன்டபிள்யூஆர்டி ஏத்தினா எஸ்ஆர்வி ஃபோல்டர்ல இருக்கறது அழிஞ்சு போகும். பேக்கப் பக்கத்துல கான்ஃபிகரேஷன்னு ஒரு டேப் இருக்கு, அதுல உங்க தளத்து ஃபோல்டரை ஒரு வரியா சேத்து, பென்டிரைவை கழட்டிட்டு செஞ்சா காப்பாத்தி வெக்கும். நாமளா போட்ட பேக்கேஜை எல்லாம் திரும்ப போட வேண்டி இருக்கும், அதனால போட்ட பேக்கேஜ் பேரை எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க. லேப்டாப்லயும் ஒரு காப்பி எப்பவும் இருக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சதும் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால தொறந்து பாருங்க, ஜியோ ஒண்ணு ஏர்டெல் ஒண்ணு ரெண்டுலயும். அதே மாதிரி பேரோட கடைசியில :8080 போட்டும் ஒரு தடவை பாருங்க, அது தொறக்கவே கூடாது, தொறந்தா ஃபயர்வால்ல எங்கயோ தப்பு இருக்கு, ரூலை அணைச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து பாருங்க.

எங்க பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் பேரை போன்ல சொல்லி புரிய வெக்கறது கஷ்டமா இருந்தது, அதனால திருவிழா நோட்டீஸ்லயே கியூஆர் கோடு போட்டுட்டோம், எந்த ஊரா இருந்தாலும் ஸ்கேன் பண்ணா அடுத்த கூத்து தெரியும். நோட்டீஸ் அடிச்சு ஊரு ஊரா ஒட்டின பிறகு பேரை மாத்த முடியாது, சொந்தமா டொமைன் வாங்கற எண்ணம் இருந்தா அதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. பிரஸ்ல இருந்து புரூஃப் வரும் இல்ல, அந்த தாள்ல இருக்கற கியூஆரையே மொபைல் டேட்டால ஸ்கேன் பண்ணி, பக்கம் வருதான்னு பாத்துட்டு அப்புறம் அடிக்க சொல்லுங்க.